ஹோண்டா எம்.டி.எஃப். கியர் ஆயில்: வீட்டிலேயே மாற்றிய பிறகு ஒரு மதிப்பீடு

எஞ்சின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிறவர்களில் பலரும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் நினைப்பதே இல்லை. எளிதாக உருவிப் பார்க்க அளவுக்கம்பி கிடையாது, எச்சரிக்கும் விளக்கு கிடையாது, ஆயில் நிறம் மாறி வலுவிழந்தாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டில் உள்ள ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் ஐ-விடெக் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் மேனுவல் பெட்டியும் கொண்டது. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு தயக்கம் தென்படத் தொடங்கியிருந்தது. அதற்காக வாங்கி, வீட்டு வாசலிலேயே மாற்றிய ஹோண்டா எம்.டி.எஃப். (மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், அதாவது மேனுவல் கியர்பாக்ஸுக்கான ஆயில்) பற்றியது இந்த மதிப்பீடு. விலை கூடுதல்தான், ஆனால் இந்தப் பெட்டிக்குப் பொருத்தமானது இதுவே என்பது என் முடிவு.

டப்பாவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது இதன் நீர்த்த தன்மை. கியர் ஆயில் என்றால் தேன் போலக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது எஞ்சின் ஆயில் போலத் தோன்றும். ஏறத்தாழ 10டபிள்யூ-30 என்ற தடிமன் எண் கொண்ட எஞ்சின் ஆயிலின் இளக்கம்தான் இதற்கும். நம்மூர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்ற பேச்சு பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், ஓட்டத்தில் பெட்டிக்குள் எழும் வெப்பம் அதைவிட மிக அதிகம், அந்த வெப்பத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஆயிலை வடிவமைக்கிறார்கள். தடிமன் எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு. எஞ்சின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் அளவுகோல்கள் வேறு. கியர் ஆயிலில் 90 என்று அச்சிட்டிருப்பது எஞ்சின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் பக்கத்தில்தான் வரும். அதனால் டப்பாவில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஒன்றைக் கெட்டி என்றும் மற்றொன்றை இளசு என்றும் தீர்மானிக்கக் கூடாது.

இந்த ஆயிலின் உண்மையான வேலை சிங்க்ரோனைசர் வளையங்களில் நடக்கிறது. நாம் கியரை மாற்றும்போது, வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர, ஒரு சிறிய வளையம் கூம்பு வடிவப் பரப்பின்மேல் அழுந்தி உராய வேண்டும். பல பெட்டிகளில் இந்த வளையம் பித்தளை போன்ற செம்புக் கலவையால் ஆனது. பற்சக்கரங்கள் தேயாமல் இருக்க ஆயில் வழுக்க வேண்டும், வளையம் பிடிக்க அதே ஆயில் ஓரளவு வழுக்காமலும் இருக்க வேண்டும் என்ற இந்த முரணைத் தீர்ப்பதற்குத்தான் தனியாக ஒரு கியர் ஆயில் தேவைப்படுகிறது. வழுக்கல் மிகுந்தால் வேகம் ஒத்துப்போக நேரம் பிடிக்கும், அவசரமாக மாற்றினால் பற்கள் உரசும் சத்தம் கேட்கும். ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலும், வளையத்துக்கும் கூம்புக்கும் இடையில் உள்ள படலம் விலகத் தாமதமாகிக் கியர் இறுகும்.

கியர் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஜி.எல்.-5 ஆயிலை இங்கே ஊற்றலாமா என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும் வண்டிகளில், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஹைப்பாய்டு பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கடுமையாகச் சறுக்கும். அதைத் தாங்குவதற்காக ஜி.எல்.-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்கள் ஜி.எல்.-4 ஆயிலைவிடக் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. அந்தக் கந்தகம் சூட்டில் செம்புக் கலவையைத் தாக்கக்கூடியது. எஞ்சின் குறுக்காக அமைந்த முன்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன என்றாலும், அங்கே இருப்பவை சாய்வெட்டுப் பற்சக்கரங்களே, ஹைப்பாய்டு அல்ல. எனவே 5 என்ற எண் 4-ஐவிடப் பெரியது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை, தீங்கு வர வாய்ப்பு உண்டு. எம்.டி.எஃப். கிடைக்காத நிலையில் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலைத் தற்காலிகமாக ஊற்றலாம் என்று ஹோண்டாவின் கையேடுகளே அனுமதிக்கின்றன. தொடர்ந்து பயன்படுத்தினால் கியர் இறுகும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எஞ்சின் ஆயிலையே நிரந்தரமாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும் இடத்தில் சற்றுக் கவனம் வேண்டும். சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் எல்லா ஆயிலும் கிடைக்கும் என்றாலும், நிறுவனப் பெயர் தாங்கிய ஆயிலை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் உதிரிபாகப் பிரிவில் ரசீதோடு வாங்குவதே போலிகளிலிருந்து தப்பிக்கும் எளிய வழி. பெட்டிக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். சரியான அளவை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் டப்பாவாக வாங்கினால் இரண்டு வாங்கி அரை லிட்டரை மிச்சம் வைக்க வேண்டியிருக்கும் என்பது செலவில் சேரும் ஒரு சிறிய எரிச்சல். ஆயிலோடு, வடிக்கும் துளைக்கும் நிரப்பும் துளைக்கும் உள்ள போல்ட்டுகளுக்கான இரண்டு அலுமினிய வாஷர்களையும் கேட்டு வாங்குங்கள். அவை இறுகும்போது நசுங்கி அடைப்பை உண்டாக்குபவை, பழையதையே மறுபடி போட்டால் கசிவுக்கு இடம் கொடுக்கும்.

மாற்றும் வேலையைப் பொறுத்தவரை, எஞ்சின் ஆயில் மாற்றத் தெரிந்தவருக்கு இது அதைவிட எளிது, ஏனென்றால் ஃபில்டர் கிடையாது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டுகளின்மேல் உறுதியாக நிற்கவைத்த பின்புதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே நுழைவது உயிரோடு விளையாடும் செயல். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் பெட்டி சாய்ந்து அளவு தவறும் என்பதால், நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், அல்லது நிரப்பும் கட்டத்தில் வண்டி மட்டமாக இருக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதில் மீறக் கூடாத வரிசை ஒன்று உண்டு. பழைய ஆயிலை வடிப்பதற்கு முன் மேலே, ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது துருவேறி இறுகிப்போயிருந்து, கீழே உள்ள போல்ட்டை மட்டும் திறந்து ஆயிலை வடித்துவிட்டால், புதிய ஆயிலை ஊற்ற வழியில்லாமல் வண்டி ஓடாத நிலையில் வாசலிலேயே நின்றுவிடும். ஹோண்டாவின் பல மேனுவல் பெட்டிகளில் ஃபில்லர் போல்ட்டுக்கு 17 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும்; வடிகால் போல்ட்டின் தலையில் சதுரக் குழி இருக்கும், அதில் 3/8 அங்குல ராட்செட்டின் முனை நேராகப் பொருந்தும், தனி சாக்கெட் தேவையில்லை. வடியும் ஆயிலில் சாம்பல் நிறக் குழம்பு போன்ற நுண்துகள் இருப்பது இயல்பான தேய்மானம். கையில் நெருடும் துண்டுகள் கிடைத்தால் அது வேறு கதை, அந்தப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். சில பட்டறைகளில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி உள்ளே கழுவிவிடும் பழக்கம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி வடியாமல் உள்ளேயே தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும் என்பதால், நிதானமாக வடியவிடுவதே போதுமானது.

நிரப்பும் துளை பெட்டியின் பக்கவாட்டில் இருப்பதால் டப்பாவிலிருந்து நேரடியாக ஊற்ற முடியாது. மேலிருந்து நீண்ட குழாயைப் புனலோடு இறக்குவது மலிவான வழி, கைப்பம்பு சுத்தமான வழி. துளையின் விளிம்பு வரை நிரம்பி ஆயில் மெல்ல வழியத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். வழிவது நின்றதும் போல்ட்டை மாட்டலாம். இறுக்கத்துக்கு ஹோண்டாவின் பல மாடல்களில் தரப்படும் அளவு வடிகால் போல்ட்டுக்கு 39 நியூட்டன் மீட்டர், ஃபில்லருக்கு 44 நியூட்டன் மீட்டர். பெட்டியின் உடல் அலுமினியம் என்பதால், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்கள் வலுவைக் காட்டாமல் இருப்பது நல்லது. மரை கெட்டால் வரும் செலவுக்கு எத்தனையோ முறை ஆயில் மாற்றலாம்.

மாற்றிய பிறகு கிடைத்த பலனை மிகைப்படுத்தாமல் சொன்னால், காலை நேரத்தில் இரண்டாவது கியருக்குப் போகும்போது இருந்த தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிட்டது, மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்குவதும் இலகுவானது. வண்டி சூடான பிறகு முன்புக்கும் இப்போதைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஐந்தாவது கியரில் கேட்கும் மெல்லிய இரைச்சல் அப்படியே இருக்கிறது, அது ஆயிலால் போகக்கூடியதும் அல்ல. மைலேஜ் கூடியதா என்று கேட்பவர்களுக்கு, நான் கவனித்த அளவில் இல்லை.

எஞ்சினை அணைத்த நிலையில் எல்லாக் கியர்களும் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டுபிடிக்கும் வண்டியாக இருந்தால் இந்த ஆயிலுக்குச் செலவழிக்கும் முன் கிளட்ச்சைச் சோதித்துப் பாருங்கள். அது முழுமையாக விடுபடவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு கியரில் எப்போதும் பல் உரசும் வண்டிக்குத் தேய்ந்த வளையத்தை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. இந்த இரண்டும் இல்லாமல், ஆயில் மாற்றியதாக எந்தப் பதிவும் இல்லாத பழைய சிட்டியோ ஜாஸோ வாங்கியிருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், மூடியிட்ட கேனில் பிடித்து, கழிவு ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.