லோஷன் பார் செய்யும் பெட்டி: பொருள்கள் நன்று, செய்முறைத் தாள் திருந்த வேண்டும்

தண்ணீர் சேராத, சோப்புக்கட்டியைப் போலக் கையில் பிடித்து உடம்பில் தேய்த்துக்கொள்ளும் லோஷன் பாரை வீட்டிலேயே செய்வதற்கான பெட்டி ஒன்றை, இணையத்தில் விற்கும் சிறு விற்பனையாளர் ஒருவரிடம் 850 ரூபாய்க்கு வாங்கினேன். 150 கிராம் தேன்மெழுகு மணிகள், 150 கிராம் ஷியா பட்டர் (ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு), 5 மில்லி வைட்டமின் ஈ எண்ணெய், ஒரு சிறு குப்பியில் எலுமிச்சை எண்ணெய், ஆறு குழிகள் கொண்ட சிலிக்கான் அச்சு, செலோஃபேன் தாள்கள், லேபிள்கள், செய்முறைத் தாள் ஆகியவை அதில் இருந்தன. தேங்காய் எண்ணெயை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் இதைச் செய்து பார்த்தது வேலூரில், மே மாதத்தில். இந்த மதிப்பீட்டில் பாதி அந்த வெயிலைப் பற்றியது.

பொருள்களின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. தேன்மெழுகு வெளுக்கப்படாத மஞ்சள் நிறத்தில், திறந்தவுடன் தேன் மணம் வீசும்படி இருந்தது. ஷியா பட்டரும் சுத்திகரிக்கப்படாதது. அதற்கே உரிய லேசான புகை வாசனை சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்குப் பிடித்திருந்தது.

குறை செய்முறைத் தாளில்தான் தொடங்குகிறது. மெழுகு, ஷியா பட்டர், எண்ணெய் மூன்றையும் ஒவ்வொரு கிண்ணம் எடுத்து உருக்கும்படி அது சொல்கிறது. அப்படியே செய்தேன், ஆனால் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தும் குறித்துக்கொண்டேன். ஒரே கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் 92 கிராமும், அழுத்தி நிரப்பிய ஷியா பட்டர் 88 கிராமும் பிடித்தபோது, மெழுகு மணிகள் 57 கிராம்தான் பிடித்தன, ஏனென்றால் மணிகளுக்கு இடையே காற்றுதான் பெருமளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. சமபங்கு என்று நினைத்துச் செய்த கலவையில் மெழுகு கால் பங்குகூட இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். மார்கழிக் காலையில் மட்டுமே அது நம் வீட்டுப் பாட்டிலில் உறைந்து நாம் பார்த்திருப்போம். ஷியா பட்டரும் உடம்புச் சூட்டில் இளகிவிடும். 60 டிகிரிக்கு மேல்தான் உருகுகிற தேன்மெழுகு ஒன்றே கட்டியை நிமிர்த்தி நிறுத்துகிறது. அது குறைந்தால் வேலூர் வெயிலில் கட்டி எப்படி நிற்கும்? மறுநாள் மதியம் ஆறு கட்டிகளும் தொட்டாலே விரல் பதியும்படி குழைந்திருந்தன.

தண்ணீர் கலவாத பொருள் என்பதால் எதுவும் வீணாகவில்லை. எல்லாவற்றையும் திரும்ப உருக்கி, மேலும் 63 கிராம் மெழுகு சேர்த்தேன். மொத்தம் 300 கிராமில் மெழுகு 40 விழுக்காடு ஆயிற்று. வெந்நீருள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரடி நெருப்பு கூடாது. இரவு முழுவதும் அறையிலேயே ஆறவிடச் சொல்கிறது தாள். மெதுவாக ஆறினால் ஷியா பட்டரிலுள்ள கொழுப்புகள் வெவ்வேறு சூட்டில் தனித்தனியே உறைந்து, மணல் போல நெருடும். ஊற்றியவுடன் அச்சை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தபோது கட்டிகள் வழவழப்பாக வந்தன. மெழுகு பூசிய பாத்திரத்தைச் சூடு ஆறுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுவது நல்லது. அதைச் சிங்க்கில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

எலுமிச்சை எண்ணெயை நான் சேர்க்கவில்லை. பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகவும் கருக்கவும் கூடும். பகலில் கை கால்களில் பூசும் பொருளுக்கு அதைக் கொடுத்துவிட்டு ஒரு வரி எச்சரிக்கைகூட எழுதாதது பொறுப்பான செயல் அல்ல. அதற்குப் பதிலாக 3 கிராம் வெட்டிவேர் எண்ணெயை, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலந்தேன். வைட்டமின் ஈ கிருமிகளைத் தடுக்கும் என்று தாளில் இருப்பதும் தவறு. எண்ணெய் காறிப்போவதைத்தான் அது தள்ளிப்போடும். கிருமி வளராததற்குக் காரணம் கலவையில் தண்ணீர் இல்லாததே. ஆகவே ஈரக் கையால் கட்டியை எடுக்கவோ குளியலறையில் வைக்கவோ கூடாது.

உறை விஷயத்தில் இந்தப் பெட்டி மேலும் ஏமாற்றம் அளித்தது. செலோஃபேன் தாள் பார்க்க அழகாக இருந்தாலும், கட்டி சற்று இளகியவுடன் அதில் ஒட்டிக்கொண்டது. மடிப்பு வழியே எண்ணெய் கசிந்து, லேபிளில் எழுதிய மையும் கலைந்தது. திருகு மூடியுள்ள அலுமினிய டப்பாக்களைத் தனியே வாங்கினேன். முதலில் உருக்கியதை நேரே டப்பாவில் ஊற்றும் எண்ணம் இருந்தது. அப்படிச் செய்தால் கட்டியை வெளியே எடுக்க முடியாமல் விரலால் சுரண்ட வேண்டியிருக்கும். அச்சில் வார்த்து, டப்பாவைவிடச் சற்றுச் சிறிய கட்டியாக, அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரோடு வைப்பதே வசதி. ஆனால் இந்த அச்சின் குழிகள் நீள்சதுரமாக இருப்பதால், வட்ட டப்பாவில் பொருத்த மூலைகளைக் கத்தியால் செதுக்க வேண்டியிருந்தது. வட்டக் குழி அச்சும் ஆறு டப்பாக்களும் தந்து, விலையில் 150 ரூபாய் கூட்டியிருந்தாலும் நான் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன்.

வீட்டிலிருந்தே இதை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிப்பவருக்கு உரிமம் வேண்டும் என்பதையும் அங்கேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

திருத்திச் செய்த கட்டி மிக நன்றாக இருக்கிறது. குளித்துத் துவட்டிய பின், தோலில் சற்றே ஈரம் இருக்கும்போது, உலர்ந்த உள்ளங்கையில் அரை நிமிடம் உருட்டித் தேய்த்தால், அந்த ஈரம் போகாமல் பிடித்துவைக்கிறது. என் மாமியாரின் குதிகால் வெடிப்புக்கு இரவில் தடவி, பருத்திக் காலுறை போட்டுவிட்டதில், பத்து நாளில் தோல் நன்றாக மென்மையாயிற்று.

குன்னூரில் இருக்கும் தங்கைக்கு இதே கட்டியை அனுப்ப முடியாது. அந்தக் குளிரில் 40 விழுக்காடு மெழுகு தோலில் இழுபடும். பெட்டியில் மிஞ்சிய 30 கிராம் மெழுகோடு, ஷியா பட்டரும் தேங்காய் எண்ணெயும் தலா 30 கிராம் நிறுத்துச் சேர்த்து, அவளுக்கென இரண்டு கட்டிகள் தனியாக வார்த்து வைத்திருக்கிறேன்.