ப்ரீ-மார்ட்டம்: ரிலீஸுக்கு முன் ஒரு மணி நேரம் செலவழிக்கலாமா?

ரிஸ்க் தேட டீம்கள் செய்யும் பயிற்சிகளில் காசே செலவாகாதது ப்ரீ-மார்ட்டம்: ப்ராஜெக்ட் தோற்றுவிட்டதாக முன்கூட்டியே கற்பனை செய்து காரணம் தேடுவது. உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய பிறகு பரவலானது. ஆறு முதல் ஒன்பது பேர், ஆளுக்கொரு பேனா, ஸ்டிக்கி நோட், 60 நிமிடம். அவ்வளவுதான் சாமான்.

நடத்துபவர் முதலில் சொல்லும் வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. "என்னவெல்லாம் தப்பாகலாம்?" என்று கேட்டால் வழக்கமான நாலு பதில் வரும். "ரிலீஸ் ஆகி ஆறு மாசம் ஆச்சு, ப்ராஜெக்ட் படுத்துடுச்சு. ஏன்?" என்று கேட்க வேண்டும். 'ஆகலாம்' போய் 'ஆயிடுச்சு' வந்ததும் பேச்சே மாறிவிடும். குறை சொல்பவர் என்ற பெயர் யாருக்கும் வராது, தோல்விக்குக் காரணம் கண்டுபிடிப்பதே அங்கே வேலை. "ஆரம்பிக்கும்போதே அபசகுனமா பேசாதப்பா" என்று வாயடைக்கும் நம் ஆபீஸ்களுக்கு இது நல்ல மருந்து.

அடுத்த பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, எழுத மட்டும்தான். மேனேஜர் தன் நோட்டைக் கடைசியில்தான் படிக்க வேண்டும்; முதலில் படித்தால் மீதி எல்லாம் அதற்கே ஒத்து ஊதும். சின்ன டீமில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், பெயர் கேட்காத ஆன்லைன் படிவத்தில் எழுத வைப்பது மேல்.

பெரும்பாலான டீம்கள் சொதப்புவது நோட்டின் தரத்தில். 'டெஸ்டிங் பத்தல', 'கம்யூனிகேஷன் கேப்' எல்லாம் குப்பைக்கு. இப்படி இருக்க வேண்டும்: 'மாசம் முதல் தேதி, சம்பளம் விழுந்த அன்னைக்கு ஓடிபி எஸ்எம்எஸ் பத்து நிமிஷம் லேட். ஜனங்க ரீசென்ட் அமுக்கி அமுக்கி அக்கவுன்ட் லாக் ஆயிடுச்சு.' எந்த நாள், எது உடைந்தது, யாருக்கு வலித்தது என்ற மூன்றும் இல்லாத நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

யாரைக் கூப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 2008 மார்ச் 27 அன்று லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் டெர்மினல் திறந்தபோது ஊழியர்களுக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, பாதுகாப்புச் சோதனையில் தேங்கி நின்றார்கள். சோதனை ஓட்டத்துக்காகப் போட்ட சாப்ட்வேர் ஃபில்டர் ஒன்று எடுக்கப்படாமலே இருந்ததில், மற்ற விமானங்களிலிருந்து மாற வேண்டிய பைகளின் தகவலும் வந்து சேரவில்லை. சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து. ப்ரீ-மார்ட்டம் நடத்தியிருந்தால் ஃபில்டர் ரிஸ்க்கை ஒரு இன்ஜினியர் நோட்டில் எழுதியிருப்பார். பார்க்கிங் ரிஸ்க்கை எழுத பை தூக்குபவர் அறையில் இருக்க வேண்டும். அதனால் சப்போர்ட், ஆபரேஷன்ஸ் ஆட்களில் குறைந்தது இரண்டு பேர் இல்லாமல் உட்காராதீர்கள்.

ஆளுக்கு மூன்று ஓட்டு, மேலே வரும் ஐந்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் பெயர், ஒரு தேதி, ஒரு முன்னறிகுறி. ஓடிபிக்கு என்றால்: 'எஸ்எம்எஸ் போய்ச் சேர 30 நொடிக்கு மேல் ஆனால் இரண்டாவது வென்டருக்கு மாற்று.' டீம் என்று பெயர் போட்டால் யாரும் செய்யப் போவதில்லை.

ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் வல்லுநர் ஷ்ரேயாஸ் தோஷி பிரபலமாக்கிய வடிவத்தில் ரிஸ்க்குகளை நிஜப் புலி (உண்மையான ஆபத்து), காகிதப் புலி (பயமுறுத்தும், ஆனால் கடிக்காது), எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாயைத் திறக்காத யானை என்று பிரிப்பார்கள். பிரிக்கும் கட்டத்துக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் பயந்த டீமில் யானைக் கட்டம் காலியாகவே இருக்கும், விலங்குப் பெயர் வைத்ததால் தைரியம் வந்துவிடாது.

தொழிற்சாலைக்காரர்கள் எஃப்எம்இஏவே (ஒவ்வொரு பாகமும் எப்படிப் பழுதாகலாம், விளைவு என்ன என்று அலசும் முறை) போதும் என்பார்கள். பாகம் பாகமாக அலச அது பலமானது, ஆனால் நாள் கணக்கில் இழுக்கும். தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கும் பழைய முறையில் ஒரு கோளாறும் உண்டு: 10×3×4-உம் 120, 4×6×5-உம் 120. உயிர் போகும் கோளாறும் பெயின்ட் உரிவதும் ஒரே வரிசையில் நிற்கும். அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து 2019-இல் கொண்டுவந்த ஏஐஏஜி-விடிஏ எஃப்எம்இஏ கையேடு இந்தப் பெருக்கலை விட்டதில் ஆச்சரியமில்லை.

ப்ரீ-மார்ட்டத்தை ரிலீஸுக்கு நாலு வாரம் முன்பு, பிளான் முடிவானதும் நடத்துங்கள். இரண்டு நாள் முன்பு நடத்தினால் கிடைக்கும் ஐந்து ரிஸ்க்கில் ஒன்றைக்கூடச் சரிசெய்ய நேரம் இருக்காது. லிஸ்ட் எக்செல் ஷீட்டிலேயே தூங்கும்.