நியூரோஇமேஜ்: பல வருடமாகப் படித்துவரும் ஒருவனின் கருத்து

மூளை ஸ்கேன் ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் ஒருவர், நியூரோஇமேஜ் என்ற ஆய்விதழைத் தொடர்ந்து படிக்கலாமா, முதல் கட்டுரையை அங்கே அனுப்பலாமா என்று கேட்டார். இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் பலர் தெரியாமலேயே இந்த இதழின் தயவில்தான் வேலை செய்கிறார்கள். ஸ்கேனிலிருந்து மூளையின் மேற்பரப்பை உருவாக்கி அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளுக்கு அடிப்படையான கட்டுரைகள் 1999-இல் இங்கேதான் வந்தன. மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெயரிடும் வரைபடமான ஏஏஎல் அட்லஸ் 2002-இல். அந்த அட்லஸை மென்பொருளில் ஒரு பெயராக மட்டும் பார்த்தவர்கள் மூலக் கட்டுரையை ஒரு தடவையாவது படிக்க வேண்டும். அதன் 90 பகுதிகளும் ஒரே ஒரு மனிதரின் மூளையில், அவரை 27 முறை ஸ்கேன் எடுத்துச் சராசரியாக்கிய படத்தின் மேல் கையால் வரையப்பட்டவை. இது தெரிந்த பிறகு, யாரோ ஒருவரின் மூளையில் தெரிந்த புள்ளி இன்ன மடிப்பில்தான் இருக்கிறது என்று எழுதும்போது கை தயங்கும், தயங்கவும் வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 2012-இல் பவர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இங்கே எழுதியது. ஸ்கேனருக்குள் தலை துளி அசைந்தாலே, பக்கத்துப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு கூடியதுபோலவும் தூரத்துப் பகுதிகளின் தொடர்பு குறைந்ததுபோலவும் தெரியும் என்று காட்டினார்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். அப்போ, மூளை வளர்ச்சி என்று நாம் நம்பியதில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு அசைவு? தன் துறையின் அடித்தளத்தையே தட்டிப் பார்க்கும் இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு இடம் கொடுத்ததுதான் இந்த இதழின் பெரிய பலம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். படங்கள்! இந்த ஒரு இதழில் மட்டும் இல்லை, துறை முழுக்க இதே கதைதான். சாம்பல் நிற மூளையின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகச் சில திட்டுகள், புள்ளியியல் கணக்கில் வைத்த எல்லைக் கோட்டைத் தாண்டியவை மட்டும் தெரியும், மயிரிழையில் தவறியது அங்கே எதுவுமே நடக்காததுபோல வெறும் சாம்பலாகக் கிடக்கும், விளைவின் அளவு எவ்வளவு என்பதும் இருக்காது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க உட்கார்ந்தால் கையில் மிஞ்சுவது ஒரு அட்டவணையும் அதில் மூளைக்குள் இடத்தைக் குறிக்கும் கொஞ்சம் எக்ஸ், ஒய், இசட் எண்களும்தான். 2020-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வை நினைத்துப் பாருங்கள்: ஒரே மூளை ஸ்கேன் டேட்டாவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து 9 கேள்விகள் கேட்டார்கள், பதில்கள் கணிசமாக வேறுபட்டன. ஆனால் எல்லை வைத்து வெட்டுவதற்கு முந்தைய மேப்புகளை, அதாவது மூளை முழுவதற்குமான முடிவுப் படங்களைப் பார்த்தால் பல குழுக்களுடையவை நன்றாகவே ஒத்துப்போயின. அந்த மேப்பைத்தானே நாம் வாசகனிடமிருந்து மறைக்கிறோம்! முடிவுகளை மறைக்காதீர்கள், எல்லையைத் தாண்டாததை மங்கலாகவாவது காட்டுங்கள் என்று வாதிடும் கட்டுரை 2023-இல் நியூரோஇமேஜிலேயே வந்தது. அதற்குப் பிறகும் புதிய கட்டுரைகளைத் திறந்தால் பெரும்பாலும் அதே திட்டுகள்.

அதே 2023 ஏப்ரலில்தான் நியூரோஇமேஜின் எடிட்டர்கள், 40 பேருக்கும் மேல், ஒட்டுமொத்தமாக விலகினார்கள். ஒரு கட்டுரையை வெளியிட 3,450 டாலர் என்பது நியாயமே இல்லை, இதழை வெளியிடும் எல்சேவியர் நிறுவனம் குறைக்க மறுக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். விலகியவர்கள் எம்ஐடி பிரஸ்ஸோடு சேர்ந்து இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற இதழை ஆரம்பித்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இதழின் மதிப்பை உண்டாக்கியது எழுதியவர்களும் மதிப்பிட்டவர்களும், விலையை வைத்தது வேறொருவர்.

அதனால், நண்பரே, மேலே இவ்வளவு புகழ்ந்த பிறகும் நான் சொல்வது இதுதான்: நியூரோஇமேஜின் பழைய இதழ்களைத் தேடித் தேடிப் படியுங்கள், உங்கள் கட்டுரையை அங்கே அனுப்ப வேண்டாம். அதில் புதிதாக வருவதைச் சொல்லி மெயிலில் வரும் அறிவிப்பை நானே நிறுத்திவிட்டேன். அப்புறம், எங்கே அனுப்பினாலும் சரி, வெட்டாத முழு மேப்பை, மூளை மேப்புகளைப் பொதுவில் பகிரும் நியூரோவால்ட் தளத்தில் ஏற்றி அதன் முகவரியைக் கட்டுரைக்குள்ளேயே போடுங்கள், எடிட்டர் யாரும் கேட்காவிட்டாலும்.