கேபின் க்ரூ ஊதிய வாக்கெடுப்பு: ஏற்றவர்களுக்கு லாபமா, மறுத்தவர்களுக்கா?

சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறது. உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். ஏற்றால் சம்பள உயர்வு உடனே கைக்கு வரும். மறுத்தால் இதைவிட நல்லது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 2023 இறுதியிலிருந்து வட அமெரிக்காவின் கேபின் க்ரூ, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர்கள் முன் இந்தக் கேள்வி அடுத்தடுத்து வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2024 செப்டம்பரில் 87 சதவீதம் பேர் ஏற்றார்கள். சவுத்வெஸ்டில் 2023 டிசம்பரில் 64 சதவீதம், அலாஸ்கா ஏர்லைன்ஸில் 2024 ஆகஸ்டில் 68 சதவீதம், யுனைடெட்டில் 2025 ஜூலையில் 71 சதவீதம் பேர் மறுத்தார்கள். ஏர் கனடாவில் 2025 செப்டம்பரில் மறுத்தவர்கள் 99.1 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து மறுத்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்பதும், ஏற்றவர்களைப் பயந்தவர்கள் என்பதும் அநியாயம். மறுப்புக்குப் பிறகு சட்டம் எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் எந்த வாக்கையும் எடைபோட முடியாது.

கோபத்தின் வேர் எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த வேலையில் சம்பளம் பெரும்பாலும் பறக்கும் மணிநேரத்துக்குத்தான். கதவு மூடி விமானம் நகர்ந்த பிறகே கணக்கு ஓடத் தொடங்கும். பயணிகளை ஏற்றுவது, பைகளுக்கு இடம் தேடுவது, பாதுகாப்புச் சோதனை, தாமதமானால் பயணிகளின் கோபத்தைத் தாங்குவது, இவையெல்லாம் பல காலமாகச் சம்பளமில்லாத உழைப்பாக இருந்தன. 2022இல் டெல்டா விமான நிறுவனம் பயணிகள் ஏறும் போர்டிங் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் தரத் தொடங்கியது. அங்கே கேபின் க்ரூவுக்குச் சங்கமே இல்லை. சங்கம் உள்ள நிறுவனங்களின் பணியாளர்களுக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும்!

முதலில் சவுத்வெஸ்ட். இங்கேதான் இரண்டு தேர்வுகளையும் எண்களால் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. மறுக்கப்பட்ட ஒப்பந்தம் 2024 ஜனவரியில் 20 சதவீத உயர்வும் பிறகு ஆண்டுக்கு 3 சதவீதமும் தருவதாக இருந்தது. 2024 ஏப்ரலில் 81 சதவீத ஆதரவோடு நிறைவேறிய இரண்டாவது ஒப்பந்தம் மே மாதத்திலிருந்து 22.28 சதவீதமும் பிறகு ஆண்டுக்கு 3 சதவீதமும் தந்தது. மாதம் 100 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மறுத்ததால் நான்கு மாதங்களுக்கு 20 டாலர் வீதம் 80 டாலர் தள்ளிப்போனது. அதன் பிறகு மாதாமாதம் 2.28 டாலர் கூடுதல். பேச்சு நடந்த காலத்துக்காகப் பின்னர் தரும் நிலுவைத் தொகையையும் மற்ற மாற்றங்களையும் தள்ளிவைத்துவிட்டு, சம்பளத்தை மட்டும் பார்த்தால், இழந்ததை ஈடுகட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருப்பவருக்கு அந்த மறுப்பு நஷ்டம், புதிதாகச் சேர்ந்தவருக்கு லாபம். ஒரே வாக்குச்சீட்டு, ஒரே நிறுவனம், ஆனால் பணிமூப்பைப் பொறுத்துச் சரியான பதில் மாறிவிடுகிறது. சம்பளத்துக்கு வெளியே, ஊதியத்துடன் கூடிய மகப்பேறு, பெற்றோர் விடுப்பும் இந்த ஒப்பந்தத்தில் வந்தது. இளம் பணியாளர்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

அமெரிக்கன் ஏர்லைன்ஸில் கணக்கு வேறு. பழைய ஒப்பந்தம் 2019 இறுதியிலேயே திருத்தத்துக்கு, அதாவது புதிய பேச்சுக்கு, வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அதன்படி ஆண்டுக்குச் சுமார் 27,000 டாலர், அதைக் கொண்டு பெருநகரத்தில் வாடகைகூடக் கட்ட முடியாத நிலை. அந்த நிலையில் 20.5 சதவீதம் வரை உடனடி உயர்வு, கடந்துபோன காலத்துக்கான நிலுவை, போர்டிங் நேரத்துக்குச் சம்பளம் எல்லாம் ஒன்றாக வந்தன. ஏற்றது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நிலுவை சேர்ந்தே வந்ததால் காத்திருந்த ஆண்டுகள் முழுக்க வீணாகவில்லை.

மறுப்பின் உண்மையான விலை அமெரிக்கச் சட்டத்தில் ஒளிந்திருக்கிறது. அங்கே விமானத் துறைக்கும் 1926ஆம் ஆண்டு ரயில்வே தொழிலாளர் சட்டம்தான். 1936இல் அதை விமான நிறுவனங்களுக்கும் நீட்டித்தார்கள். இதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. திருத்தத்துக்கு வரும், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும் வரை பழைய சம்பளமே. இரு தரப்புக்கும் நடுவே பேச்சு நடத்தும் அரசு அமைப்பான தேசிய மத்தியஸ்த வாரியம் அவர்களைப் பேச்சிலிருந்து விடுவித்து, 30 நாள் பொறுத்த பிறகே வேலைநிறுத்தம் செய்ய முடியும். வாரியம் எப்போது விடுவிக்கும் என்பதற்குக் கெடு எதுவும் கிடையாது. ஆகவே இழுத்தடிப்பதால் நிர்வாகத்துக்குப் பெரிய இழப்பில்லை, பழைய சம்பளத்தில் பறப்பவருக்குத்தான் ஒவ்வொரு மாதமும் இழப்பு.

இதையெல்லாம் அறிந்தேதான் யுனைடெட் பணியாளர்கள் மறுத்தார்கள். அவர்களுடைய ஒப்பந்தம் 2021 ஆகஸ்டிலேயே திருத்தத்துக்கு வந்திருந்தது, அவர்கள் மறுத்த புதிய ஒப்பந்தத்தில் முதல் கட்ட உயர்வே சுமார் 27 சதவீதம். வாக்களித்தவர்கள் 92 சதவீதம். அவ்வளவு பேர் வாக்களித்து, பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றால், சதவீதக் கணக்கைத் தாண்டி வேறு ஏதோ குறைகிறது என்று பொருள். விமானத்துக்கும் விமானத்துக்கும் நடுவே நிலையத்தில் உட்கார்ந்து கழிக்கும் சம்பளமில்லாத நேரம் அவற்றில் ஒன்று. அலாஸ்காவில் மறுப்புக்கு ஆறரை மாதங்களில் பலன் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் இரண்டாவது ஒப்பந்தத்தை 95 சதவீதம் பேர் ஏற்றார்கள். 32 சதவீத ஆதரவு 95 ஆக உயர்ந்ததே, முதல் ஒப்பந்தம் உறுப்பினர்களின் மனத்தைப் படிக்கவில்லை என்பதற்குச் சான்று.

ஏர் கனடா இந்த வரிசையில் சேராது. 2025 ஆகஸ்ட் 16இல் சுமார் 10,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில மணிநேரத்தில் கனடாவின் மத்திய அரசு தொழிலாளர் சட்டத்தின் 107ஆம் பிரிவைக் கையில் எடுத்து வேலைக்குத் திரும்பச் சொன்னது. பணியாளர்கள் அடிபணியவில்லை. 19ஆம் தேதி உடன்பாடு வந்தது. முதல் ஆண்டில் ஐந்தாண்டு வரை பணிபுரிந்தவர்களுக்கு 12 சதவீதமும் மற்றவர்களுக்கு 8 சதவீதமும் உயர்வு. உறுப்பினர்கள் மறுத்தது ஊதியப் பகுதியை மட்டுமே. மற்ற பகுதிகள் நடைமுறைக்கு வரும், ஊதியம் மத்தியஸ்தத்துக்கும் தேவைப்பட்டால் நடுவர் தீர்ப்புக்கும் போகும், மீண்டும் வேலைநிறுத்தம் கிடையாது என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தன.

இதைப் படித்தபோது மனம் கொதித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேண்டாம் என்றும் வேலையை நிறுத்தும் உரிமை இல்லையென்றால் அந்த வாக்குக்கு என்ன பலம்? ஆனாலும் அங்கே மறுத்ததால் இழக்க அதிகம் இல்லை. 51 சதவீத மறுப்பாக இருந்திருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தச் சம்பளம் போதும் என்று நிர்வாகம் வாதிட இடம் இருந்திருக்கும். 99.1 அந்த வாதத்துக்கு இடமே வைக்கவில்லை.

அடுத்த வாக்குச்சீட்டு கையில் வரும் பணியாளர் உயர்வுச் சதவீதத்துக்கு முன்னால் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்: நிலுவை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது, மறுத்தால் வேலைநிறுத்த உரிமை எந்த நிலையில் நிற்கும். நிலுவை கடைசி நாள்வரை காக்கப்பட்டு, உரிமையும் கையில் இருந்தால் துணிந்து மறுக்கலாம். இரண்டும் இல்லாத இடத்தில், அதுவும் ஓய்வு நெருங்கியவருக்கு, ஏற்பதே மேல்.