மாம்பழக் காலமா, ஆடியா: ரீஃபண்டுக்கு எப்போது ரிட்டர்ன் போடுவது?

ஏப்ரல் முதல் வாரத்திலேயே எங்கள் அலுவலகத்துக்கு மஞ்சப்பைகள் வரத் தொடங்கிவிடும். பாஸ்புக், எஃப்.டி. ரசீது, போன வருடத்து வருமான வரி ரிட்டர்ன் நகல் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே இருக்கும். "போர்ட்டல் திறந்துட்டாங்களாமே, முதல் ஆளா போட்டுடுங்க சார். அப்பத்தானே ரீஃபண்ட் முதல்ல வரும்?" என்று கேட்பார்கள். இன்னொரு கூட்டம் ஆடி பிறந்த பிறகு வரும். ஜூன் கடைசியில் வருகிறவர்கள் குறைவு. ஆனால் சேலத்தில் இத்தனை வருடம் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் இந்த வேலை பார்த்ததில், அதிகமாகப் பிடித்த வரிப் பணம் முழுசாகவும் சிக்கலில்லாமலும் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் அந்தக் குறைவானவர்களுக்குத்தான். அதனால் மூன்று காலத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஏப்ரல், மே. இங்கே முதல் கேள்வி, படிவமே வந்திருக்கிறதா என்பது. 2024இல் ரிட்டர்ன் படிவங்களான ஐ.டி.ஆர். 1, 2, 4 மூன்றும் ஏப்ரல் 1ஆம் தேதியே போர்ட்டலில் தயாராக இருந்தன. அடுத்த வருடமும் அப்படியே என்று நம்பியவர்கள் 2025இல் காத்துக் கிடந்தார்கள். ஐ.டி.ஆர். 1, 4 மே கடைசியில்தான் வந்தன. 2, 3 ஜூலை 11 வரை இழுத்தன. கடைசித் தேதியும் ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்கும், பிறகு ஒரே ஒரு நாள் கூட்டி 16க்கும் போனது. ஆகவே "ஏப்ரலில் போட்டுவிடலாம்" என்று எந்த வாடிக்கையாளருக்கும் நான் முன்கூட்டி வாக்குக் கொடுப்பதில்லை.

படிவம் வந்துவிட்டாலும் இரண்டாவது சிக்கல் இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிடித்த டி.டி.எஸ்.ஸுக்கு (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) வங்கியும் கம்பெனியும் வருமான வரித் துறைக்குக் கணக்குக் கொடுக்க மே 31 வரை நேரம் உண்டு. அவர்கள் கொடுத்தால்தான், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் பட்டியலான 26ஏஎஸ்ஸில் அந்தப் பணம் ஏறும். ஏப்ரலில் பார்த்தால் பலருக்கு முக்கால் வருடக் கணக்குதான் தெரியும்.

2024இல் நடந்ததைச் சொல்கிறேன். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பி.எஃப். பணத்தை எஃப்.டி.யில் போட்டிருந்தார், வருடத்துக்கு 1,60,000 ரூபாய் வட்டி. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, ஆனாலும் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தரும் 15எச் படிவத்தைக் கொடுக்க மறந்ததால் வங்கி 10 சதவீதம், அதாவது 16,000 ரூபாய் பிடித்துவிட்டது. அவசரப்பட்டு ஏப்ரலிலேயே போடச் சொன்னார், நானும் மறுக்காமல் போட்டுவிட்டேன். 26ஏஎஸ்ஸில் அன்று ஏறியிருந்தது 12,000தான். ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையமான சி.பி.சி. தன் ஏட்டில் இருப்பதைத்தான் கொடுக்கும். மே மாதம் 12,000 வந்தது. "தம்பி, மீதி நாலாயிரம் எங்கே?" என்று பாஸ்புக்கை மேசைமேல் விரித்து, அந்த ஒரு வரியில் விரலை வைத்தபடி அவர் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கடைசி காலாண்டுக் கணக்கு ஏறியபின் திருத்த மனு போட்டு, அந்த நாலாயிரம் அக்டோபரில்தான் வந்தது. ஜூன் கடைசியில் போட்டிருந்தால் 16,000மும் ஒரே தவணையில் வந்திருக்கும். அவரைக் காத்திருக்கச் சொல்லாதது என் தப்பு.

சீக்கிரம் போட்டால் வட்டி கிடைக்கும் என்றும் ஒரு நம்பிக்கை ஊரில் ஓடுகிறது. கணக்கு நேர்மாறானது. டி.டி.எஸ். வழியாகப் போன பணத்துக்குக் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு, எந்த மாதத்தில் போட்டிருந்தாலும், ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து மாதம் அரை சதவீதம் வட்டி ஓடும். 16,000 ரூபாய்க்கு மாதம் 80. மே மாதம் பணம் வந்தால் 160, ஜூலையில் வந்தால் 320. சேமிப்புக் கணக்கு தருவதைவிட இது அதிகம். (ரீஃபண்ட் தொகை அந்த வருடத்து வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றால் வட்டி கிடையாது. வந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்டவும் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.) பணம் கையில் அவசரமாகத் தேவை என்றால் மட்டுமே ஏப்ரலுக்கு அர்த்தம் உண்டு. அதுவும் டி.டி.எஸ். முழுக்க ஏறியிருந்தால்.

இப்போது நடுக்காலம். ஜூன் 15க்குள் கம்பெனி, சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழான ஃபார்ம் 16 கொடுத்தாக வேண்டும். வட்டியில் பிடித்ததற்கு வங்கி தரும் சான்றிதழான 16ஏவும் அதே நாளுக்குள். உங்கள் வரவுகளைத் துறை தொகுத்துக் காட்டும் ஏ.ஐ.எஸ்.ஸும் ஓரளவு நிறைந்திருக்கும். ஆகவே மாதச் சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் ஜூன் மூன்றாவது வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை என்று சொல்வேன். லீ பஜாரில் மல்கோவா தீரப் போகிற நேரம் என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குத் தேதி மறக்காது. போட்டது நாம்தான் என்று ஓ.டி.பி. மூலம் உறுதி செய்தபின் (இ-வெரிஃபை) ஒரு ரிட்டர்னை முடிக்க 2019-20 மதிப்பீட்டு ஆண்டில் சராசரியாக 82 நாள் ஆனது என்றும், 2023-24இல் அது 10 நாளாகக் குறைந்தது என்றும் நேரடி வரிகள் வாரியமே சொன்னது. ஆனால் பணம் வங்கிக்கு வர நான்கைந்து வாரம் ஆகலாம் என்றுதான் போர்ட்டல் சொல்கிறது. நானும் வாடிக்கையாளரிடம் அந்த நான்கைந்து வாரத்தைத்தான் சொல்வேன். பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் பதினோராவது நாள் ஃபோனை எடுக்கத் தயங்குவதைவிட இது நல்லது.

லாரிக்காரர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சங்ககிரியில் 28 டன் வண்டி இரண்டு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லாரிக்காரரின் வருமானத்தை வண்டியின் எடையை வைத்துக் கணக்கிடும் 44ஏஇ சட்டப் பிரிவின்படி டன்னுக்கு மாதம் 1,000 வீதம் ஒரு வண்டிக்கு வருடம் 3,36,000, இரண்டுக்கும் 6,72,000. புதிய வரித்திட்டத்தில் 2024-25 நிதியாண்டில் 7 லட்சம் வரை வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம். ஆனால் அந்த வருடம் 40 லட்சம் வாடகை ஓடியிருந்தால் 1 சதவீதம், அதாவது 40,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். அது முழுக்க ரீஃபண்ட். இந்தப் பணம் ஒரே இடத்தில் இல்லை. தூத்துக்குடியில் ஒரு பார்ட்டி, மும்பையில் ஒரு பார்ட்டி, நாமக்கல்லில் இரண்டு என்று ஏழெட்டுப் பேர் பிடித்திருப்பார்கள். அதில் யாராவது ஒருவர் கணக்கைத் தாமதமாகத்தான் கொடுப்பார். "ஏனுங்க, போட்டுட்டீங்களா, பணம் எப்பங்க வரும்?" என்று லாரிக்காரர் ஜூன் முதல் வாரத்திலேயே கேட்பார். "ஜூலை பத்து வரைக்கும் பொறுங்கண்ணா, மும்பைக்காரங்க இன்னும் ஏத்தலை" என்பேன். வாடகைச் சீட்டுகளையும் 26ஏஎஸ்ஸையும் ஒவ்வொரு பார்ட்டியாக டிக் அடித்துப் பார்த்து, யாருடையது ஏறவில்லையோ அந்த பார்ட்டிக்கு அவரே ஃபோன் போட்டுக் கேட்க வைப்பேன். 10 வண்டிக்கு மேல் இல்லாதவர், பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் டி.டி.எஸ்.ஸே பிடிக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு தாளை ஏப்ரலில் எல்லா பார்ட்டிக்கும் அனுப்பிவிட்டால் ரீஃபண்டுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர். 1 போட முடியாது. காப்பியைப் பதப்படுத்தி விற்றால் 25 சதவீதம் வியாபார வருமானமாகக் கணக்காகும். அப்போது படிவமே வேறு. எஃப்.டி. ரீஃபண்டுக்கு அவசரப்பட்டு ஐ.டி.ஆர். 1 போட்டால் குறைபாடு நோட்டீஸ் வரும், 15 நாளில் சரி செய்ய வேண்டும், பணம் அதுவரை நிற்கும்.

கடைசியாக ஆடி. 2024இல் ஜூலை 31 வரை 7.28 கோடி ரிட்டர்ன்கள் வந்தன; அதில் கிட்டத்தட்ட 70 லட்சம் அந்தக் கடைசி ஒரே நாளில். ஜூலை கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகம் எப்படி இருக்கும் என்று இதிலிருந்தே தெரியும். தெருவில் வேப்பிலைத் தோரணம், கோயில் ஒலிபெருக்கி, அந்தச் சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா, ஆறு நம்பர்" என்று கத்துவோம். ஆதாரோடு இணைத்த சிம் பெங்களூரில் இருக்கும் மகனிடம் இருக்கும். அவர் மீட்டிங்கில் இருப்பார். சரி, நாளைக்கு வெரிஃபை செய்துகொள்ளலாம் என்று விட்டால் அந்த நாளை மறந்துபோகும். வெரிஃபை செய்ய 30 நாள்தான். அதைத் தாண்டினால் வெரிஃபை செய்த நாளே ரிட்டர்ன் போட்ட நாளாகிவிடும். கெடு தாண்டியதாக ஆகும். தாமதக் கட்டணம் 5,000, வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. வட்டியும் ஏப்ரலிலிருந்து ஓடாது, போட்ட நாளிலிருந்துதான். வீட்டு வாடகை, எல்.ஐ.சி. எல்லாம் காட்டிப் பழைய வரித்திட்டத்தில் இருக்க நினைக்கும் சம்பளக்காரருக்கு அந்த வாய்ப்பும் போய்விடும். ஆடியில் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை, ஆனால் தப்பைக் கண்டுபிடிக்கவும் சரி செய்யவும் அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

அப்படியானால் எங்களைப் போன்றவர்களுக்கு சீசன் எப்போது தொடங்குகிறது? என் பதில் ஏப்ரல்தான். ஆனால் ரிட்டர்ன் போட அல்ல. ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கும் போர்ட்டலில் சரிபார்த்த நிலையில் இருக்கிறதா என்று அப்போது பார்க்கிறேன். 2020இல் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைந்த பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. மாறியது, பழைய எண்ணையே வைத்திருந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். பழைய வருடத்து வரி பாக்கி ஏதாவது தொங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்வார்கள். ஆதார் சிம் யாரிடம் இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். இந்த மூன்றையும் ஏப்ரலில் முடித்துவிட்டால் ஜூனில் ஒரு ரிட்டர்னுக்கு இருபது நிமிடம் போதும்.

ஒப்பிட வேண்டிய இன்னொன்று, கூலி. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். ரீஃபண்ட் பெருத்தால் அவர்களுக்கு லாபம்; கொடுக்காத வாடகையும் தராத நன்கொடையும் உள்ளே நுழைவது அப்படித்தான். 2025 ஜூலையில் பொய்க் கழிவு காட்டிக் கொடுத்தவர்களைத் தேடி வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது; தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்குத்தான்.

அந்த உருக்காலைப் பெரியவர் 2025 ஏப்ரலிலும் முதல் வாரமே வந்தார். அதே மஞ்சப்பை. ரிட்டர்னைப் பற்றிக் கேட்கவில்லை. உள்ளிருந்து 15எச் படிவத்தை எடுத்து, "இதை மொதல்ல நிரப்பிக் கொடுப்பா, பேங்குக்குப் போகணும்" என்றார்.