அஷ்டமி என்றால் பூல், பௌர்ணமி என்றால் சிச்செஸ்டர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் தூத்துக்குடி நகைக்கடை ஒன்று கொடுத்த தினசரி நாள்காட்டி தொங்குகிறது. சவுத்தாம்ப்டனில் உட்கார்ந்துகொண்டு ராகுகாலம் பார்ப்பதில்லை. நான் பார்ப்பது திதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கண்ணால் திதியையும் மறு கண்ணால் வானிலை அறிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் படகை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்கிறேன்.

படகு பெரிதல்ல. எட்டு மீட்டர், ஒற்றை டீசல் எஞ்சின், மூன்று பேர் பங்கு போட்டு வாங்கியது. ஹேம்பிள் ஆற்றில் கட்டிக் கிடக்கிறது. என் முறை வரும் சனி ஞாயிறில் வெயில் அடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இங்கிலாந்தின் கோடையில் சனிக்கிழமை கடல் எண்ணெய் தடவிய தோசைக்கல் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தென்மேற்கிலிருந்து ஒரு மழைப்பட்டை வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடும்.

ஒரு இரவு தங்கித் திரும்ப எங்களுக்கு மூன்று இடங்கள். மேற்கே, வைட் தீவுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள சோலன்ட் நீரிணையைத் தாண்டினால் பூல், சுமார் 30 கடல்மைல். கிழக்கே சிச்செஸ்டர், அதில் பாதி. உள்ளேயே இருப்பது வைட் தீவின் யார்மவுத், சுமார் 13 கடல்மைல். கௌஸ் இன்னும் பக்கம். ஆனால் அங்கே போவது பக்கத்துத் தெருவுக்கு டீ குடிக்கப் போவது மாதிரி, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் ஒரு ஏமாற்றுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் படகு தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் ஓடும். பூலுக்கு ஒன்றரை மணி நேரம். தாளில் அழகாக இருக்கிறது. அலை ஒரு மீட்டரைத் தொட்டால் அந்த வேகத்தில் படகின் முன்பகுதியான அணியம் ஒவ்வொரு அலையிலும் அறை வாங்கும், இடுப்பு கழன்றுவிடும். வேகத்தைக் குறைத்துக்குறைத்து 7 நாட்டுக்கு வந்தால் அதே தூரம் நாலு மணி நேரத்துக்கு மேல். விற்கிறவர்கள் வேகத்தைச் சொல்லித்தான் விசைப்படகை விற்கிறார்கள். மோசமான வானிலையில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

மூன்றில் மனசுக்குப் பிடித்தது பூல்தான். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அது. வாசலுக்கு வெளியே தெற்கே ஸ்டட்லண்ட் விரிகுடா. அதன் தென்முனையில் ஓல்ட் ஹாரி என்னும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள். வைட் தீவின் மேற்கு நுனியில் நிற்கும் நீடில்ஸ் பாறைகளும் இவையும் ஒரு காலத்தில் ஒரே தொடர். நடுவில் இருந்ததைக் கடல் தின்றுவிட்டது. தென்மேற்குக் காற்றுக்கு ஸ்டட்லண்ட் நல்ல மறைவு. ஆனால் அடியில் கடற்குதிரைகள் வாழும் கடற்புல் இருப்பதால், 2021 முதல் ஒரு பகுதியில் நங்கூரம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். சட்டத் தடை இல்லை, ஆனாலும் நாங்கள் தள்ளியே போடுகிறோம்.

பூலின் சிக்கல் பூலில் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது. ஹர்ஸ்ட் கோட்டைக்கும் தீவுக்கும் இடையில் கடல் ஒடுங்குகிறது. சோலன்டின் மேற்குப் பாதித் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் போய்வர வேண்டும். ஓதம் பெரிதாக ஏறி இறங்கும் பெருக்கு நாட்களில் நீரோட்டம் 4 நாட்டைத் தாண்டும். நம்மூர் மீனவர்கள் நீவாடு என்பது இதைத்தான். நீவாடும் காற்றும் ஒரே திசையில் போனால் பிரச்சினை இல்லை. எதிரெதிராக முட்டினால் அலை நீளம் குறைந்து, உயரம் கூடி, செங்குத்தாக நிற்கும்.

இங்கேதான் திதி வருகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் பெருக்கு உச்சமாக இருக்கும். அந்த நாட்களில் கிழக்கே போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் உச்சநீர் (ஓதம் முழுக்க ஏறி நிற்கும் நேரம்) எப்போதும் நண்பகலை ஒட்டியே வரும். அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே ஹர்ஸ்டில் தண்ணீர் மேற்கே வெளியேறத் தொடங்கி, மாலை வரை ஓடும். ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்புகிற அதே நேரம். தென்மேற்குக் காற்று முதுகில், நீவாடு முகத்தில்.

இதை அறியாமல் முதல் வருஷம் ஒரு பௌர்ணமி வாரம் பூலுக்குப் போனேன். சனிக்கிழமை கடல் தட்டையாக இருந்தது. ஞாயிறு அறிக்கை தென்மேற்குக் காற்று, போஃபர்ட் காற்று அளவில் 4, அப்புறம் 5 என்றது. ஐந்துதானே, முதுகுக் காற்றுதானே என்று கிளம்பினேன். நீடில்ஸ் தாண்டி, இடப்பக்கம் ஷிங்கிள்ஸ் கூழாங்கல் திட்டில் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தபோது, பின்னால் வந்த அலை படகின் பின்புறத்தைத் தூக்கியது. அணியம் முன்னால் போன அலையின் முதுகில் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. சுக்கானைத் திருப்பினால் பதில் இல்லை. இரண்டு மூச்சு கழித்துத்தான் வந்தது. கீழே இட்லிப் பாத்திரம் உருண்டு, சட்னி தரையெல்லாம். மகள் இஞ்சி மரப்பாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. விசையைக் கூட்டி ஒரு அலையின் முதுகில் ஏறி, அதைத் தாண்டாமலும் பின்தங்காமலும் அதன் கூடவே போக வேண்டும் என்பதை அந்த அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டேன்.

அடுத்த படகுத்துறைக்காரப் பெரியவர் பிறகு சொன்னார்: காற்று ஓங்கினால் நீடில்ஸ் பக்கமே போகாதே, ஷிங்கிள்ஸுக்கு வடக்கே ஹர்ஸ்ட் கரையை ஒட்டிய வடக்குக் கால்வாயில் வா. ஆழம் குறைவு, ஆனால் எங்கள் மாதிரிப் படகுக்குப் போதும். உண்மைதான். ஆனால் நேரத்தை மாற்றுவதுதான் அதைவிட நல்ல வழி. அஷ்டமி கழிந்த ஒன்றிரண்டு நாளில் ஓட்டமே பலவீனம். உச்சநீர் காலையிலும் மாலையிலும் வரும் என்பதால், ஞாயிறு மதியம் முழுக்கத் தண்ணீர் கிழக்கே, வீட்டுப் பக்கம் ஓடும். ஊரில் அஷ்டமி நவமியில் பயணம் வேண்டாம் என்பார்கள். பூலுக்கு எனக்கு அதுதான் சுபமுகூர்த்தம்.

சிச்செஸ்டர் கணக்கு இதற்கு நேர்மாறு. துறைமுக வாசலில் ஒரு மணல்திட்டு. தெற்குக் காற்று பலமாக இருக்கும்போது வற்றம் (இறங்கும் ஓதம்) அதன் மேல் பாய்ந்தால் அலை உடையும்; அதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். உச்சநீருக்கு மூன்று மணி முன்பிருந்து ஒரு மணி பின்பு வரை கடப்பதுதான் நல்லது. பௌர்ணமியை ஒட்டிய நாளில் அது காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் விழும். சனி உள்ளே போகவும் ஞாயிறு வெளியே வரவும் அதைவிடத் தோதான நேரம் இல்லை. திரும்பும்போது தீவு தென்மேற்குக் காற்றை ஓரளவு மறைக்கும். மேற்குக் காற்று என்றால் முகத்தில் உப்புத் தண்ணீர் அடிக்கும், அவ்வளவுதான். முடியவில்லை என்றால் பாதி வழியில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடலாம். பூலிலிருந்து ஹர்ஸ்ட் வரை அப்படி ஒதுங்க இடமே கிடையாது. கிறைஸ்ட்சர்ச் இருக்கிறது, ஆனால் அதன் வாசலும் ஆழமில்லாத மணல்.

உள்ளே 8 நாட் வேகக் கட்டுப்பாடு. சிலருக்கு எரிச்சல், எனக்குச் சந்தோஷம். வாசலை ஒட்டிய ஈஸ்ட் ஹெட் மணல்முனையில் நங்கூரம் போட்டால் பிள்ளைகள் இறங்கி விளையாடலாம். உள்ளே போனால் ஒரு பழைய கிராமம். எழுதுவது போஷம், ஊர்க்காரர்கள் சொல்வது ‘பாஸம்’. அங்கே கரையோரச் சாலையில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள், ஓதம் ஏறிச் சக்கரம் மூழ்கியதும் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மதியத்தைக் கழிக்கலாம்.

யார்மவுத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளும் அறிக்கை கோணலாக இருந்தால் அங்கேதான். கடலுக்கு வெளியே போகவே வேண்டாம். ஆனால் கோடைச் சனிக்கிழமையில் எல்லோரும் அதையேதான் நினைப்பார்கள். மதியத்துக்குள் இடம் நிரம்பிவிடும். வடக்குக் காற்றில் துறைமுகத்துக்கு வெளியே மிதவையில் கட்டினால் தூக்கம் போச்சு. போகும் வழியில் சவுத்தாம்ப்டன் கப்பல் பாதையைக் கடக்க வேண்டும். 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் 1000 மீட்டர், இருபுறமும் 100 மீட்டர் யாரும் நுழையக் கூடாது என்பது சட்டம். மழையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு கொள்கலன் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பது லேசான வேலை இல்லை.

இன்னொரு அளவுகோலும் உண்டு: படகை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியுமா? பூலில் படகுத்துறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். யார்மவுத்திலிருந்து ஃபெரி ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் லிமிங்டன், இறங்கும் இடத்திலேயே ரயில். சிச்செஸ்டரில் எம்ஸ்வொர்த் பக்கம் கட்டினால் ரயில் உண்டு, வேறு மூலையில் கட்டினால் டாக்ஸிதான். இதில் பூலும் யார்மவுத்தும் சிச்செஸ்டரை அடித்துவிடும்.

போன ஜூலையில் பூலில் அதுதான் நடந்தது. தசமி, நீவாடு சாதகம், எல்லாம் சரி. ஆனால் ஞாயிறு காலை அறிக்கையில் தென்மேற்கு 6 என்று பலத்த காற்று எச்சரிக்கை. நான் கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

“ஏங்க, நாளைக்கு ஆபீஸ் உண்டுல்ல?” என்றாள் மனைவி, பையை ஏற்கெனவே தோளில் மாட்டிக்கொண்டு.

கயிற்றை இரட்டையாகக் கட்டிவிட்டு ரயில் ஏறினோம். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் எடுத்து வந்தேன். கடல் தட்டையாகக் கிடந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஹேம்பிள். பூல் துறையில் நாலு இரவு வாடகைக்குப் பங்காளிகள் இன்னும் பாதிப் பணம் தரவில்லை.