ஆட்டோ ஆட்ஸா, நாமே இடம் பார்த்து வைப்பதா? எதில் வருமானம் கூடும்?

சொந்தமாக ஒரு தளம் நடத்தி, அதில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் ஒப்புதலும் கிடைத்துவிட்டால் அடுத்து வந்து நிற்கும் கேள்வி இதுதான். ஆட்டோ ஆட்ஸைப் போட்டுவிட்டு எங்கே எத்தனை விளம்பரம் என்பதைக் கூகுளிடமே விட்டுவிடுவதா, இல்லை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் நாமே இடம் பார்த்து கோட் போடுவதா? கணினி, பிரிண்டர், போன் சிக்கல்களுக்குப் படிப்படியாகத் தீர்வு சொல்லும் என் தளத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது பெரும்பாலும் நானே இடம் பார்த்து வைக்கிறேன். ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தே படியுங்கள்.

சட்டென்று முடிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பங்கில் வித்தியாசம் இல்லை. விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக வரும்போது அவர் செலவழிப்பதில் சுமார் 68 சதவீதம் நமக்கு வருகிறது, ஆட்டோ என்பதால் அது கூடுவதுமில்லை குறைவதுமில்லை. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள் என்பதும், தளத்தின் விளம்பர இடத்தை விற்க யாருக்கு உரிமை என்று சொல்லும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு சரியாக இருப்பது நல்லது என்பதும் இரண்டுக்கும் பொது. பக்கத்துக்கு மூன்று விளம்பரம் என்ற பழைய வரம்பை 2016லேயே எடுத்துவிட்டார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை உள்ளடக்கத்தைவிட விளம்பரம் அதிகமாகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் இப்போது விதி, அதுவும் இரண்டுக்கும் ஒன்றே. வேலை என்று பார்த்தால் ஆட்டோவுக்கு ஒரு துண்டு கோட், சில பொத்தான்கள், அவ்வளவுதான். நாமே வைப்பதற்கு ஒரு வார இறுதி போய்விடும்.

ஆட்டோ ஆட்ஸ் 2018இல் வந்தது. பக்கத்தைத் தானே அலசி, பத்திகளுக்கு நடுவில், திரையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஆங்கர், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முழுத்திரையில் வரும் விக்னெட், அகலத் திரையில் ஓரத்தில் வரும் சைட் ரெயில் என்று அதுவே போட்டுக்கொள்ளும். எந்த வகை வேண்டாம், எத்தனைக்கு மேல் போகக் கூடாது, எந்தப் பக்கங்களில் வரவே கூடாது என்றெல்லாம் நாம் கட்டுப்படுத்தலாம். இதைப் போட்டவுடன் பேஜ் ஆர்பிஎம், அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்குக் கிடைக்கும் பணம், பெரும்பாலும் ஏறும். ஏறத்தான் செய்யும், ஏனென்றால் விளம்பர எண்ணிக்கை ஏறுகிறது. 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் கிளிக்கை வைத்து இல்லாமல் எத்தனை முறை விளம்பரம் காட்டப்பட்டது என்பதை வைத்தே பணம் தருகிறது, அதனால் கூட்டிக்கொண்டே போகலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோதான் சரி என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் அதிகம்.

என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய கணக்கு வேறு. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பதல்ல, ஒரு வருகைக்கு எவ்வளவு. முடிவைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு அமைப்பில் பேஜ் ஆர்பிஎம் 3 டாலர், வருகிறவர் சராசரியாக 1.5 பக்கம் பார்க்கிறார். ஆயிரம் வருகைக்கு 4.50 டாலர். இன்னொரு அமைப்பில் பேஜ் ஆர்பிஎம் 2.50 டாலர்தான், ஆனால் பக்கம் தொல்லை இல்லாமல் இருப்பதால் வருகிறவர் 2.2 பக்கம் பார்க்கிறார். ஆயிரம் வருகைக்கு 5.50 டாலர். முதல் அமைப்பின் பேஜ் ஆர்பிஎம் பெரியதாகத் தெரியும், மாதக் கடைசியில் கைக்கு வருவது இரண்டாவதில்தான் அதிகம். நம்மால் கூகுளிடம் விலையை உயர்த்தச் சொல்ல முடியாது, தேடலிலிருந்து வருகிறவர்களை நினைத்தவுடன் இரட்டிப்பாக்கவும் முடியாது. வந்தவரை இன்னொரு பக்கம் படிக்கவைப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதைக் கெடுக்கிற எந்த விளம்பரமும், அது தனியாக எவ்வளவு சம்பாதித்தாலும், மொத்தத்தில் நஷ்டம்.

இதைக் கணக்கிட பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாரத்து ஆட்சென்ஸ் வருமானத்தை அந்த வாரத்துக்குக் கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டும் செஷன், அதாவது வருகை, எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வந்துவிடும். நான் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் எல்லா மாற்றத்தையும் எடைபோடுகிறேன்.

ஆட்டோ ஆட்ஸ் எங்கே இதைக் கெடுக்கிறது என்பதை என் தளத்து வழிகாட்டிக் கட்டுரை ஒன்றையே வைத்துச் சொல்கிறேன். பிரிண்டர் வைஃபையில் சேர மறுக்கிறது, அதற்கு எட்டுப் படிகள். நாலாவது படியில் "படத்தில் வட்டமிட்டிருக்கும் பொத்தானை அழுத்துங்கள்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே படம். ஆட்டோ ஆட்ஸ் சரியாக அந்த வரிக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு விளம்பரத்தைச் செருகும். அதற்கு அது ஒரு பத்தி முடிந்த இடம், அவ்வளவுதான் தெரியும். படிக்கிறவரோ ஒரு கையில் போனும் மறு கையில் பிரிண்டருமாக நிற்கிறார், வரியைப் படித்துவிட்டுக் கீழே பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஒரு படம், அதிலும் ஒரு பொத்தான் இருக்கும். சிலர் அதை அழுத்துவார்கள். தவறுதலாக விழும் கிளிக் நமக்கு நல்லதல்ல, உள்ளடக்கத்தோடு குழம்பும்படி விளம்பரம் இருக்கக் கூடாது என்பது கூகுளின் விதியே. மற்றவர்கள் பின்னால் போய் தேடலில் வேறு தளத்தைத் திறப்பார்கள். அந்த ஒரு விளம்பரம் சில சென்ட்டின் பின்னம் சம்பாதித்து, ஒரு வாசகரை அனுப்பிவைத்துவிட்டது. இப்படிப்பட்ட பகுதிகளை விலக்கிவைக்க அமைப்பில் வழி இருக்கிறது, செய்தும் பார்த்தேன், ஆனால் ஒவ்வொரு கட்டுரையிலும் படி வரும் இடம் வேறு வேறாக இருக்கும்போது அதுவும் நாமே வைப்பதற்குச் சமமான வேலைதான்.

நாமே வைக்கும்போது விளம்பரத்துக்கான இடம் படிக்கிற ஓட்டத்தில் இயல்பாக நிற்கும் இடமாக இருக்கும். என் பக்கங்களில் முன்னுரை முடிந்து படிகள் தொடங்கும் முன் ஒன்று, படிகள் எல்லாம் முடிந்த இடத்தில் ஒன்று, அதற்குப் பிறகு வரும் "இதுவும் வேலை செய்யவில்லையா" பகுதிக்குக் கீழே ஒன்று. மூன்றே மூன்று. பக்க உச்சியில், தலைப்புக்கும் மேலே 728x90 பேனர் வைக்கும் பழக்கம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. அது ஏற்றப்படுவதற்குள் வாசகர் கீழே ஸ்க்ரோல் செய்துவிடுகிறார். கூகுள் 2014இல் வெளியிட்ட ஆய்விலும் அதிகம் பார்க்கப்படும் இடம் பக்கத்தின் உச்சி அல்ல, முதல் திரை முடியும் விளிம்புக்குச் சற்று மேலே என்றுதான் வந்தது. காட்டப்பட்ட விளம்பரங்களில் 56.1 சதவீதம் யார் கண்ணிலும் படவே இல்லை என்றும் அதில் இருந்தது. சாதாரண டிஸ்ப்ளே விளம்பரம் பார்க்கப்பட்டதாகக் கணக்கில் வர அதில் பாதியாவது ஒரு விநாடி தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும். விளம்பரதாரர்கள் இதைப் பார்த்துத்தான் ஏலம் கேட்கிறார்கள், ஆக கண்ணில் படாத இடம் நாளடைவில் மலிவான இடமாகிவிடும். சைட்பாரும் அப்படித்தான். போனில் அது கட்டுரைக்கெல்லாம் அடியில் போய் விழுகிறது, அங்கே வைத்த விளம்பரத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை.

இன்னொரு வசதி, நாம் கோட் போட்டு வைக்கும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும், அதாவது ஆட் யூனிட்டுக்கும், தனிப் பெயர் கொடுக்கலாம். "முன்னுரை_கீழ்", "படிகள்_முடிவு" என்று பெயர் வைத்துவிட்டால் அறிக்கையில் எந்த இடம் எவ்வளவு சம்பாதிக்கிறது, எத்தனை சதவீதம் கண்ணில் படுகிறது என்று தனித்தனியாகத் தெரியும். சம்பாதிக்காத இடத்தைத் தயங்காமல் எடுத்துவிடலாம். நான் அப்படி எடுத்தபோதெல்லாம் மொத்த வருமானம் குறையவில்லை, மிச்சமிருந்த இடங்களின் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறியது.

அப்புறம் பக்கம் குதிக்கும் பிரச்சினை. விளம்பரம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளினால் படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போய்விடும். கூகுளின் பக்க அனுபவ அளவீடுகளில் இதற்கென்றே சிஎல்எஸ் என்று ஒன்று இருக்கிறது, 0.1க்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். நாமே வைக்கும்போது விளம்பரம் வரும் பெட்டிக்கு முன்கூட்டியே குறைந்தபட்ச உயரம் கொடுத்துவிடலாம். 300x250, 336x280 அளவுகள்தான் அங்கே அதிகம் வரும் என்பதால் நான் 280 பிக்சல் ஒதுக்குகிறேன். சில நேரம் சின்ன விளம்பரம் வந்து கீழே கொஞ்சம் வெற்றிடம் தெரியும். தெரியட்டும். விளம்பரமே வராதபோது அந்த யூனிட்டை "அன்ஃபில்டு" என்று கூகுளே குறித்துவிடுகிறது, அதை வைத்துப் பெட்டியை மறைத்துவிடலாம்தான், ஆனால் திரையில் தெரிந்துகொண்டிருக்கும் பெட்டியை மறைத்தால் பக்கம் மறுபடி குதிக்கும். அதனால் நான் மறைப்பதில்லை. ஆட்டோவில் எங்கே வரும் என்பதே நமக்குத் தெரியாது, பிறகு எதற்கு இடம் ஒதுக்குவது?

சரி, நாமே வைப்பதில் உள்ள கஷ்டம் பராமரிப்பு. அதை மறைக்க விரும்பவில்லை. விளம்பரத்துக்கான கோட் துண்டைக் கட்டுரையின் எழுத்துக்குள்ளேயே ஒட்டிவைத்தால், நாளைக்குத் தளத்தின் தீம், அதாவது தோற்ற வடிவமைப்பை மாற்றும்போதோ இடத்தை மாற்ற நினைக்கும்போதோ நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் திறந்து திருத்த வேண்டிவரும். தீமின் டெம்ப்ளேட்டில் வையுங்கள், இல்லையென்றால் வேர்ட்பிரஸில் ஆட் இன்சர்ட்டர் மாதிரி ஒரு பிளகினில் "இரண்டாவது துணைத்தலைப்புக்கு முன்" என்பது போல விதி எழுதிவிடுங்கள். அப்படிச் செய்துவிட்டால் மாற்றம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். தீம் மாற்றிய அன்று மட்டும் போனிலும் கணினியிலும் பத்துப் பக்கமாவது திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஆட்டோவில் நான் வைத்துக்கொண்டது ஆங்கர் ஒன்றை மட்டும்தான். அது அடியில் ஒட்டியிருக்கிறது, எழுத்தைத் தள்ளுவதில்லை, வேண்டாதவர் மூடிவிடலாம், எப்போதும் கண்ணில் படுகிறது. விக்னெட்டை அணைத்துவிட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போக நினைத்தவரை வாசலிலேயே மறிப்பது எனக்கு வேண்டிய கணக்குக்கு நேர் எதிர். எழுத்தில் உள்ள சொற்களையே விளம்பர இணைப்பாக்கும் ஆட் இன்டென்ட்ஸையும் அணைத்துவிட்டேன், படிகளுக்கு நடுவில் எது என் இணைப்பு எது விளம்பரம் என்று வாசகர் யோசிக்கக் கூடாது.

யாருக்கு ஆட்டோ பொருந்தும் என்றால், பல வருடத்துக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில், ஒன்றுக்கொன்று அமைப்பே வேறாக இருக்கும் தளத்துக்கு. அங்கே பொது விதி எழுதுவதே கடினம், உச்ச எண்ணிக்கையைக் குறைத்துவைத்து ஆட்டோவை விடுவது நியாயம். ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும் வாசகர்கள்தான் என்றாலும் நான் சொல்லும் வருகைக் கணக்கின் பலம் குறையும். நாளுக்குப் பல முறை வாசகர் வந்துபோகும் செய்தித் தளங்களிலும் வீடியோ தளங்களிலும் எனக்கு அனுபவம் இல்லை, அங்கே இதே முடிவு வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மீடியாவைன் மாதிரி விளம்பர மேலாண்மை நிறுவனங்களிடம் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். வருகை நிறைய இருந்தால் யோசிக்க வேண்டிய வழிதான், பல வாங்குபவர்களை ஒரே நேரத்தில் ஏலத்தில் நிறுத்துவதால் விலை கூட வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கும் அதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள், விளம்பர அடர்த்தியைக் குறைக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நேரடியாக ஒரு நிறுவனத்துக்கு இடத்தை விற்பதும் நல்லதுதான், இணைப்பில் ஸ்பான்சர்டு என்ற குறி மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் காலத்தில் கவனம் வையுங்கள். வருடத்தின் கடைசி மூன்று மாதம் விளம்பரச் செலவு ஏறும், ஜனவரியில் விழும். டிசம்பரில் ஆட்டோவும் ஜனவரியில் கையால் வைத்ததும் ஓட்டினால் ஆட்டோ ஜெயித்த மாதிரி தெரியும். முடிந்தால் ஆட்சென்ஸின் சோதனை வசதியில் வருகையைப் பிரித்து இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டுங்கள். இல்லையென்றால் சாதாரண மாதங்களில், ஒரு அமைப்புக்கு முழு இரண்டு வாரமாவது கொடுத்து, திங்களிலிருந்து ஞாயிறு வரை என்று வாரக் கணக்கில் எடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எண்களைச் சேர்க்க வேண்டாம், புது யூனிட்டுகளுக்கு ஏல விலை ஒரு நிலைக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.